வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுக்கும் முன்

குணப்படுத்தும் சிகிச்சை இனிப் பலன் தராது என்ற கட்டத்தை வீட்டில் ஒருவர் அடைந்த பிறகு குடும்பம் எதை முதலில் செய்ய வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அப்பாவின் இரைப்பைப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவியபோது அண்ணா ரொறன்ரோவிலும் அக்கா லண்டனிலும் இருந்தார்கள். திருகோணமலை உவர்மலை வீட்டில் வயதான அம்மாவையும் படுக்கையில் விழுந்த அப்பாவையும் வைத்துக்கொண்டு நின்றவள் நான் மட்டுமே. பாடசாலைக்கு விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு அலைந்து நான் அறிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். நான் வைத்தியத்துறையைச் சேர்ந்தவள் அல்லள். ஆகவே மருந்தின் வகை, அளவு பற்றிய எதையும் உங்கள் வைத்தியரிடம் கேட்டே செய்யுங்கள்.

ஸ்கான் முடிவு வந்த அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இனிச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை, வீட்ட கொண்டுபோய் நல்லாப் பாருங்கோ." சொன்ன வைத்தியர் இரக்கமற்றவர் அல்லர், வெளியே வாங்குகளில் இடமில்லாமல் சனம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் நல்லாகப் பார்ப்பதென்றால் என்ன, வலி கூடினால் எந்த மருந்து, நடுச்சாமத்தில் மூச்சு முட்டினால் எங்கே போவது என்பதில் எதையும் எவரும் விளக்கவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கேட்ட குடும்பம் சும்மா இருந்துவிடாது. ஏதோ செய்யலாம் என்று சொல்லும் இடத்தைத் தேடிப் புறப்படும். பெரும்பாலான வீடுகளில் பணம் கரைவதும் அந்த இடைவெளியில்தான். அன்றிரவே அண்ணா வட்ஸ்அப்பில் அழைத்துக் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையின் பெயரைச் சொன்னார், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பின்னிருக்கைகளைக் கழற்றி மெத்தை விரித்து, கந்தளாய், ஹபரணை வழியாக இரவோடு இரவாகப் போனோம். யானை மறிக்கும் அந்தக் காட்டுப் பாதையில் சாரதி பிரேக் பிடித்த ஒவ்வொரு தடவையும் அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்; அப்போது அவரிடம் வலிக்கென்று இருந்தது பனடோல் மட்டும்தான்.

அங்கே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து, ஊரில் எடுத்த பரிசோதனைகளையே மறுபடியும் எடுத்து, மூக்கு வழியே குழாய் போட்டு, இரு கைகளிலும் சேலைன் ஏற்றினார்கள். எங்களுக்கு அவரைப் பார்க்கக் கிடைத்தது காலையும் மாலையும் சிறிது நேரம். முற்பணம் முடிந்தது, மேலும் கட்டுங்கள் என்று தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. கணக்கை முடித்து வெளியே வரும்போது ஒன்பது இலட்சம் ரூபாயைத் தாண்டியிருந்தது. அண்ணாவும் அக்காவும் பெரும்பகுதியை அனுப்பினார்கள். மிச்சத்துக்கு அம்மாவின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை அடைவு வைத்தோம். பணத்தை விட எனக்கு இன்றும் ஆறாதது, அப்பாவுக்குத் தெளிவாகப் பேச முடிந்த நாட்களில் ஒரு பகுதி கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போய்விட்டதுதான். ஒரு மாலை அவரே கேட்டார்: "இது சுகப்படுத்திற மருந்தோ பிள்ளை, இல்லாட்டி நாளை இழுக்கிற மருந்தோ?" நானும் அதே கேள்வியை அடுத்த நாள் அங்குள்ள வைத்தியரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, உண்மையில் இரண்டாவதுதான் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பதிலுக்கு நான் அவருக்கு நன்றியுடையவள்.

ஆகவே எந்த வைத்தியசாலையிலும் சேர்க்கும் முன் இவற்றை நேரடியாகக் கேளுங்கள்: இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயை மாற்றுவதா, காலத்தை நீட்டுவதா, வலியைக் குறைப்பதா, செய்யாமல் விட்டால் என்ன நடக்கும், செய்தால் அவர் எழுந்து உட்கார்ந்து எங்களோடு பேசும் நிலைக்கு வருவாரா, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும். பதில் மழுப்பலாக இருந்தால் மறுபடியும் கேளுங்கள். இன்னொன்று, நோயாளிக்குச் சொல்லக் கூடாது என்று எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டிலும் அக்கா அதைச் சொல்லியிருந்தார். அப்பாவோ தபால் திணைக்களத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, மூடிய உறையைத் தொட்டே உள்ளே இருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சொல்பவர்; எங்கள் முகங்களை அவர் வாசிக்காமல் விடுவாரா? எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரிய வேணும்?" என்று அவரிடமே கேட்டு, அவர் காட்டும் தூரத்துக்குப் போனால் போதும். கேட்டபோது அப்பா சொன்னது மிகச் சுருக்கம்: குழாய் வேண்டாம், வீட்டுக்குப் போவோம், அம்மாவைத் தனியே விடாதே. அதன் பிறகு எடுத்த எல்லா முடிவுகளுக்கும் அந்த மூன்று சொற்களே எனக்கு ஆதாரமாக இருந்தன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைச் சம்மதிக்க வைப்பது, நேர்மையாகச் சொன்னால், நோயைப் பார்ப்பதைவிடக் கடினமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோவது கைவிடுவது என்றே அண்ணா நம்பினார். தூரத்தில் இருப்பவர்களுக்குக் குற்ற உணர்வு அதிகம். அது பெரும்பாலும் இன்னொரு பரிசோதனை, இன்னொரு வைத்தியர் என்ற வடிவத்தில்தான் வெளிவரும். அவரை மாற்றியது எங்கள் உறவில் வைத்தியராக இருக்கும் மச்சான் சொன்ன ஒரு ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் (வலியையும் அவதியையும் தணிப்பதை நோக்கமாகக் கொண்ட கவனிப்பு) சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதமாகவும், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதமாகவும் இருந்தது. முதலாவது பிரிவினர் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றிருந்தார்கள். அப்பாவின் நோய் வேறு, கட்டமும் வேறு என்பதை மச்சான் மறைக்கவில்லை. ஆனால் வலியைத் தணிப்பது உயிரைக் குறைப்பதாகாது என்பதை அண்ணா அந்த எண்களில்தான் ஏற்றுக்கொண்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வைத்தியரோடு பேசும்போது எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிடுங்கள். நான் கேட்டு வந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னபோது ஒவ்வொருவர் காதிலும் வேறு வேறு செய்திதான் விழுந்தது.

எங்கே வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. மகரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன என்ற இல்லம் இருக்கிறது. சிகிச்சை முடிந்துவிட்ட புற்றுநோயாளரைக் கடைசிவரை பராமரிக்கவென்றே அமைந்தது அது. கொழும்பை அண்டிய குடும்பங்கள் அதை முதலில் விசாரிக்க வேண்டும். எங்களுக்கோ அம்மா முழங்கால் வருத்தக்காரி; திருகோணமலையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து அவரால் போய்வர முடியாது, அப்பாவுக்கும் அம்மா பக்கத்தில் இல்லாமல் ஒரு நாள் போகாது. எங்கள் கையில் இருந்தவை அரசாங்க வைத்தியசாலையின் வாட்டும் எங்கள் வீடும்தான். வீடு என்று தீர்மானித்தோம். அது எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இரவில் மாறிமாறி விழித்திருக்கக் குறைந்தது இரண்டு பேர் இல்லாத வீட்டில், அல்லது இரத்தப்போக்கு, அடங்காத வாந்தி, அடிக்கடி வலிப்பு உள்ளவர் விடயத்தில், வாட்டில் வைத்துப் பார்ப்பதே அவருக்கும் உங்களுக்கும் நல்லது. அதற்காக ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுவருவதாயின், வெளியேறும் முன்பே நோயின் நிலை, இனி எதைச் செய்வது எதைச் செய்வதில்லை, என்ன மருந்துகள் என்பதைக் கிளினிக் கொப்பியிலோ கடிதமாகவோ எழுதித் தரும்படி கேளுங்கள். நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று சுகாதார அமைச்சு 2019 முதல் 2023 வரையான காலத்துக்குத் தேசிய மூலோபாயச் சட்டகமே வெளியிட்டிருந்தது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. அந்தக் கடிதம் எங்களுக்கு இரண்டு தடவை கைகொடுத்தது, ஒன்று உயிரோடு இருக்கும்போது, மற்றது அதற்குப் பிறகு.

கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மோர்பினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் சனத்துக்கு அதில் இருக்கும் பயம் வலியைவிடப் பெரியது. போதைப்பொருள், பழகிவிடும், கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்றெல்லாம் பார்க்க வந்தவர்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னார்கள். வைத்தியர் வலிக்கேற்பச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது அது மரணத்தை விரைவுபடுத்துவதில்லை. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்துக் கொடுத்த வழிமுறையில் அதற்கு இடமிருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் பாமசி பாமசியாகத் தேடி அலையாதீர்கள். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் எழுதிவித்து அங்கேயே பெறுங்கள். சாதாரண மாத்திரை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கொடுக்கப்படுவது. வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருந்தால் ஒவ்வொரு முறையும் வலிதான் முந்தும். காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, கொடுத்தவர் கையெழுத்து வைக்கும்படி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருப்பதற்காக இரவு பத்து மணி அளவை வைத்தியர் கூட்டி எழுதியிருந்தார். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க ஒரு மேலதிக அளவையும் மறக்காமல் எழுதிவித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், இசப்கோல் போன்ற நார்ப்பொருள் அந்த இடத்துக்கு உதவாது. எங்களுக்கு அதை யாரும் சொல்லாததால், வலி அடங்கிய அப்பா வயிறு ஊதிப் பட்ட பாட்டைப் பார்த்து, அதுவும் நோய்தான் என்று எண்ணி அழுதிருந்தோம். பொங்கல், போயா (பௌர்ணமி விடுமுறை), சனி ஞாயிறு சேர்ந்து வரும் வாரங்களைப் பார்த்து முன்கூட்டியே மருந்தை எடுத்து வையுங்கள்.

வீட்டு ஆயத்தத்தில் பணத்துக்குப் பெறுமதியானது மின்சாரத்தில் இயங்கும் காற்று மெத்தை. புதியதை வாங்கும் முன் கோயில், தேவாலய, பள்ளிவாசல் சமூகத்தவரிடமும், அண்மையில் நோயாளரைப் பார்த்த வீடுகளிலும் விசாரியுங்கள். எங்களுக்கு அது பாலையூற்றில் ஒரு வீட்டிலிருந்து இலவசமாகக் கிடைத்தது. மெத்தை இருந்தாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆளைத் திருப்ப வேண்டும், குதிக்கால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளிறாமல் இருந்தால் அங்கே புண் தொடங்கிவிட்டது. பகலுக்கு ஒரு பராமரிப்பாளரை நாளொன்றுக்கு 3,000 ரூபாய்க்கு வைத்தோம். ஒரு முகவர் ஊடாக வந்த முதல் ஆள் முற்பணத்தை வாங்கியதோடு வராமல் நின்றுவிட்டார். முகவருக்கு முன்கூட்டி முழு மாதப் பணம் கட்டாதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள்.

உண்மையான உதவி பக்கத்து ஒழுங்கையிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருவர், எல்லோரும் மிசி அக்கா என்று கூப்பிடுபவர், தினமும் பின்னேரம் வந்து பார்த்தார். அப்பா உணவை மறுக்கத் தொடங்கிய நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையைத் தீர்த்தவரும் அவர்தான். அம்மா விடியவே எழும்பி அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி, துணியில் வடித்து, கரண்டி கரண்டியாக ஊட்டுவார். அப்பா அம்மாவுக்காக வாயைத் திறப்பார், ஆனால் விழுங்கமாட்டார். கஞ்சி கன்னத்துக்குள் தேங்கி, பிறகு கடைவாயால் வழியும், இல்லையேல் புரைக்கேறி நெடுநேரம் இருமுவார். பட்டினி போட்டுக் கொல்கிறீர்களா என்று அம்மா என்னைக் கேட்டார். குழாய் போட்டால் என்ன என்று அக்காவும் தொலைபேசியில் கேட்டார். மிசி அக்கா அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, உடம்பு அடங்கிவரும் நேரத்தில் அதற்குப் பசி எடுப்பதில்லை, திணிக்கும் உணவு நுரையீரலுக்குள் போகும், அதிகமாக ஏற்றும் சேலைன் காலிலும் நெஞ்சிலும் நீராய் நிற்கும் என்று விளக்கினார். விளக்கம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுத்தமான பஞ்சைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, அப்பாவின் உதட்டையும் நாக்கையும் ஈறையும் மெதுவாகத் துடைத்து, உதட்டில் சிறிது தேங்காயெண்ணெய் தடவிக் காட்டினார். பிறகு பஞ்சை அம்மாவின் கையில் கொடுத்தார். அதன் பின் அம்மா கஞ்சி காய்ச்சவில்லை. மணிக்கொரு தடவை வாயைத் துடைப்பது அவருடைய வேலையாயிற்று, வேறு யாரையும் செய்ய விடவுமில்லை. ஊட்டுவதை நிறுத்தச் சொல்லும் எவரும் அந்தக் கைக்கு வேறு என்ன வேலை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசி நாட்களில் என்னென்ன வரும் என்பதையும் மிசி அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் நாங்கள் மறுபடியும் வானில் ஏறியிருப்போம். நித்திரை கூடும், சிறுநீர் குறைந்து நிறம் கடுமையாகும், கை கால் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு வேகமாக இழுத்துப் பின் சில நொடிகள் நின்று மறுபடியும் தொடங்கும். தொண்டையில் சளி கறகறக்கும் சத்தம் கேட்பவர்களைக் கலங்கடிக்கும். ஆனால் அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் குறையும், அதைக் குறைக்கும் மருந்தும் இருக்கிறது, முன்பே கேட்டு வைத்திருங்கள். திடீரென்று புரண்டு அந்தரப்பட்டால் அது வலியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. சிறுநீர் கட்டியிருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விழிக்காவிட்டாலும் காதில் விழும் என்று எண்ணியே பேசுங்கள், காணிப் பிரச்சினையைத் தலைமாட்டில் வைத்துப் பேசாதீர்கள். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் நல்ல சேவை, இலவசம். ஆனால் அழைத்தால் அவர்கள் செய்வது வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. எந்த நிலைக்கு அழைப்பது, எதற்கு அழைப்பதில்லை என்பதை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வையுங்கள், குறிப்பாகப் பதற்றத்தில் முதலில் தொலைபேசியை எடுக்கக்கூடிய ஆளோடு. எங்கள் வீட்டில் அது பக்கத்து வீட்டுத் தம்பி. ஒரு இரவு நாங்கள் அழைக்கத்தான் செய்தோம். வந்தவர்கள் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, வைத்தியசாலைக்குப் போவதா என்று எங்களிடமே பொறுமையாகக் கேட்டார்கள். அப்பா வீட்டிலேயே, அம்மா பக்கத்தில் இருக்க, அதிகாலையில் போனார்.

அதன் பின்னான எழுத்து வேலையைத் துக்கத்தின் நடுவே ஒருவர் செய்தே ஆக வேண்டும். வீட்டில் நடந்த இயற்கை மரணத்தைக் கிராம சேவகருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையைப் பெற்று, மரணம் நிகழ்ந்த பிரிவின் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஐந்து நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பதிந்தால் கட்டணமில்லை. திடீர் மரணம் என்ற சந்தேகம் எழுந்தால் மரண விசாரணை அதிகாரி, பொலிஸ் என்று போகும். நோய் என்ன, எந்தக் கட்டம் என்று எழுதிய வைத்தியரின் கடிதமும் டயக்னோசிஸ் கார்டும் (வைத்தியசாலை தரும் நோய் விவர அட்டை) கையில் இருந்ததால் எங்களுக்கு அந்த அலைச்சல் வரவில்லை. கொழும்பில் இறந்திருந்தால் அங்கேதான் பதிய வேண்டியிருக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு வேறு. மரணச் சான்றிதழில் பல பிரதிகளை எடுத்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு விடுமுறைக்கும் விமான நிறுவனத்துக்கும் தேவைப்படும், வங்கிக்கும் காட்ட வேண்டும். மீதமிருந்த மோர்பின் மாத்திரைகளை எண்ணி, கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தேன். அவற்றை வீட்டு அலுமாரியில் விட்டு வைக்காதீர்கள், கேட்டு வரும் சொந்தக்காரருக்கும் கொடுக்காதீர்கள்.

எங்களை அதிகம் இழுத்தடித்தது பெயர்தான். அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், விவாகச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் எழுத்துகள் இருந்தன. அம்மாவுக்கான விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு, 'பட்டணமும் சூழலும்' என்ற பெயருள்ள எங்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்தபோது, மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்வந்த பிறகும் மாதக்கணக்கில் அது நீண்டது. அதற்குள் அப்பாவின் கணக்குக்கு வந்துவிட்ட ஓய்வூதியத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. இறந்த உடனேயே ஓய்வூதியப் பிரிவுக்கு அறிவித்தால் அது நேராது. நோயாளி கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் அவர் கையாலேயே சத்தியக்கடதாசியை முடித்துவிடுங்கள். அரை நாள் வேலை அது.